அட்டைப்படத்துக்கு முன்னால் ஒரு தாள்: இசை இதழுக்கான போட்டோ ஷூட்டைத் திட்டமிடுதல்

உங்கள் வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு கல்யாண ஆல்பத்தை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். மாலை மாற்றும் படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு நாதஸ்வரம் இருக்கும். வாசிப்பவரின் உப்பிய கன்னம் தெரியும், கண் தெரியாது. தவில்காரரின் கை ஒன்று தெரியும், மீதி ஆள் படத்துக்கு வெளியே இருப்பார். அவர்கள் வாசிக்காமல் தாலி ஏறியிருக்காது. ஆனாலும் படத்தில் அவர்களுக்கு இடமில்லை.

படிவம் நான்கு மாணவர்களிடம் ஆளுக்கொரு ஆல்பம் கொண்டுவரச் சொல்லி இதைச் சோதித்துப் பார்த்தேன். வந்தவற்றில் ஒன்றே ஒன்றில்தான் நாதஸ்வரக் கலைஞரின் முகம் முழுசாக இருந்தது. அதுவும் ஏன் என்று கேட்டால், "அவரு எங்க தாத்தாவோட தம்பி, டீச்சர்" என்றாள் அந்த மாணவி. வகுப்பே சிரித்தது. எங்கள் தமிழ்மொழிக் கழக இதழின் இசைச் சிறப்பு மலர் அந்த வகுப்பில்தான் முளைத்தது. அட்டையில் ஒரு நாதஸ்வர, தவில் இணை என்பதும் அன்றே முடிவானது. நம் கோயில்களில் வாசிப்பவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஒப்பந்தத்தில் வருகிறவர்கள். நாங்கள் தேடியது இங்கேயே பிறந்து இங்கேயே வாசிக்கிறவர்களை. இருவர் கிடைத்தார்கள், அவர்களும் உடனே சம்மதித்தார்கள்.

அந்தப் படத்தை எடுக்கப் போய் நாங்கள் சொதப்பியதையும், பிறகு திட்டமிட்டு எடுத்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். இதழ் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு இது நேரடியாக உதவும். எஸ்.பி.எம். மாணவர்களுக்கு எப்படி உதவும் என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

முதல் முறை ஒரு சனிக்கிழமை. இடம் பிரிக்பீல்ட்ஸ். ஏன் பிரிக்பீல்ட்ஸ் என்று யாரும் கேட்கவில்லை. துன் சம்பந்தன் சாலை 2010 அக்டோபரில் லிட்டில் இந்தியாவாகத் திறக்கப்பட்டதிலிருந்து நம் மாணவர்களுக்கு 'இந்தியர் இடம்' என்றால் அந்த வளைவுகளும் பூக்கடைகளும்தான். செர்டாங் நிலையத்தில் கொமுட்டர் ஏறினால் கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து நடை. சுலபம்தானே என்று கிளம்பிவிட்டோம். கலைஞர்களைப் பிற்பகல் 2 மணிக்கு வரச்சொல்லியிருந்தோம். பட்டு வேட்டி, அங்கவஸ்திரம், கழுத்தில் சங்கிலி என்று முழு உடையில் சரியான நேரத்துக்கு வந்து நின்றார்கள். நாங்கள் 2.40க்குப் போய்ச் சேர்ந்தோம்.

வெயில் உச்சந்தலையில். கண்குழிக்குள் கறுப்பாக நிழல் விழுந்து முகம் மண்டையோடு போலத் தெரிந்தது. அஞ்சடியில் நிழல் இருக்கிறதே என்று ஒரு கடை முன்னால் நிறுத்தினோம். கடைக்காரர் வெளியே வந்து, "வியாபாரம் நடக்கிற எடம்ல்ல" என்றார். அவர் மேல் தப்பில்லை, நாங்கள் கேட்கவே இல்லை. சாலையைக் கடந்து போனால் பின்னால் பேருந்து, முன்னால் மோட்டார். 4 மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஆச்சா மரத்தில் செய்த அந்த நாதஸ்வரத்தைத் தன் அங்கவஸ்திரத்தால் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார் பெரியவர். தவில்காரருக்கு மாலை 6 மணிக்குக் கிள்ளானில் கல்யாணம். கிளம்பும்போது அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை. ஒன்றைத்தான் கேட்டார்: "எங்கள எப்படிக் காட்டணும்னு நெனச்சீங்க, டீச்சர்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மாணவர்களின் கைப்பேசிகளில் இருநூறுக்கும் மேல் படங்கள் இருந்தன. அட்டைக்கு ஆகிற மாதிரி ஒன்றுகூட இல்லை.

போட்டோ ஷூட்டைத் திட்டமிடுவது என்றால் கேமரா, உடை, இடம், நேரம் என்று பட்டியல் போடுவது என்றுதான் நாம் நினைக்கிறோம். பட்டியல் வேண்டும்தான். ஆனால் அது இரண்டாவது தாள். முதல் தாளில் ஒரே ஒரு வாக்கியம் இருக்க வேண்டும்: இந்தப் படத்தைப் பார்க்கிறவர் இந்தக் கலைஞரைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள வேண்டும்? அந்த வாக்கியம் இல்லாததால்தான் இடம் தப்பானது, நேரம் தப்பானது, எல்லாமே தப்பானது. கட்டுரைக்குக் கருப்பொருள் போலத்தான். கருப்பொருள் இல்லாமல் சட்டகம் போட்டால், ஐந்து பத்தியும் ஐந்து திசைக்கு ஓடும்.

இசை இதழ்களின் வரலாற்றிலிருந்து ஒரு படத்தை மாணவர்களுக்குக் காட்டினேன். 1958 ஆகஸ்ட் 12. நியூயார்க்கின் ஹார்லெம் வட்டாரம், கிழக்கு 126ஆம் தெரு. 'எஸ்குயர்' இதழ் ஜாஸ் இசைக்கு ஒரு சிறப்புப் பகுதி கொண்டுவரத் திட்டமிட்டது. அதற்குப் படமெடுக்கும் பொறுப்பை ஆர்ட் கேன் ஏற்றுக்கொண்டார். அவர் அப்போது இதழ் வடிவமைப்பாளர்தான், சொந்தமாக ஒரு ஸ்டூடியோகூட இல்லை. ஆனால் அவரிடம் அந்த ஒற்றை வாக்கியம் இருந்தது: ஜாஸ் கலைஞர்கள் எத்தனை பேரைக் கூட்ட முடியுமோ அத்தனை பேரையும், அந்த இசை வளர்ந்த தெருவிலேயே, ஒரே படத்தில். இடத்தை அந்த வாக்கியமே முடிவு செய்துவிட்டது. பழுப்புக் கல் வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு சாதாரணக் குடியிருப்புத் தெரு. வீட்டு வாசற்படிகளே மேடை.

நேரம் காலை 10 மணி. இரவு விடுதிகளில் விடியும்வரை வாசித்துவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு அது நள்ளிரவு மாதிரி. ஒரு நாளில் இரண்டு பத்து மணி வரும் என்பதே தனக்குத் தெரியாது என்று ஒரு கலைஞர் கிண்டலடித்ததாகக் கதை உண்டு. ஆனாலும் 57 பேர் வந்து நின்றார்கள். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்த மகிழ்ச்சியில் பேசிக்கொண்டே இருந்தார்கள், வரிசையில் நிற்கவில்லை. தெருப் பையன்கள் பன்னிரண்டு பேர் வந்து நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். கவுன்ட் பேசி என்ற பெரிய இசைக்குழுத் தலைவர், நின்று அலுத்துப்போய், அந்தப் பையன்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கேன் அவர்களை விரட்டவில்லை. 1959 ஜனவரி இதழில் வந்த அந்தப் படத்தில் இன்று நம் கண்ணை முதலில் இழுப்பது அந்தப் பையன்கள்தாம். அதே நேரத்தில் வில்லி ஸ்மித் என்ற பியானோ கலைஞர் கால் வலித்துப் பக்கத்து வீட்டுப் படியில் போய் உட்கார்ந்துவிட்டார். கேமரா சொடுக்கிய அந்த நொடியில் அவர் படத்துக்கு வெளியே. வந்தும் படத்தில் இல்லை.

இந்தக் கடைசித் தகவலைச் சொன்னபோது வகுப்பில் ஒரு பையன் மெல்ல, "நம்ம தவில் அங்கிளும் அப்படித்தான நின்னாரு" என்றான். நான் எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை.

இன்னொரு சம்பவமும் திட்டத்தைப் பற்றிச் சொல்லும். 1980 டிசம்பர் 8ஆம் தேதி, 'ரோலிங் ஸ்டோன்' இதழுக்காக ஆனி லீபோவிட்ஸ் ஜான் லெனனைப் படமெடுக்கப் போனார். இதழ் விரும்பியது லெனனை மட்டும். லெனனோ தன் மனைவி யோக்கோ ஓனோவும் படத்தில் இருந்தாக வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னார். லீபோவிட்ஸ் ஒத்துக்கொண்டார். அன்றிரவே லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1981 ஜனவரி 22 இதழின் அட்டையில் அந்த இருவர் படம் மட்டும் வந்தது, இதழின் பெயரைத் தவிர வேறு தலைப்பு எதுவும் இல்லாமல். இதழ் ஒரு திட்டம் வைத்திருக்கும், கலைஞரும் ஒன்று வைத்திருப்பார். அதை முன்கூட்டியே கேட்டுவிட்டால் படப்பிடிப்பு அன்று இழுபறி இருக்காது.

ஆகவே இரண்டாம் முறை நாங்கள் முதலில் செய்தது, கேட்டது. மாணவர் இருவர் ஒரு மாலை பெரியவரின் வீட்டுக்குப் போய் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வந்தார்கள். நேர்காணல் எழுதப் பழகியதெல்லாம் அங்கே உதவியது. "உங்களுக்கு எந்த நேரத்துல மனசு நிறைவா இருக்கும்?" என்ற கேள்விக்கு அவர், வாசிக்கும்போது என்று சொல்லவில்லை. வாசிப்பதற்கு முன்னால், சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டு, அழைப்புக்காகக் காத்திருக்கும் அந்தச் சில நிமிடம் என்றார். நாணல்தட்டையில் செய்த அந்தச் சின்னச் சீவாளி காய்ந்திருந்தால் சுருதி நிற்காது. எந்தக் கல்யாண ஆல்பத்திலும் அந்த நிமிடம் இருக்காது, ஏனென்றால் அப்போது கேமராக்காரர் பொண்ணு மேக்கப் போடுவதை எடுத்துக்கொண்டிருப்பார்.

முதல் தாளில் வாக்கியம் கிடைத்துவிட்டது: "வாசிக்கத் தொடங்கும் முன் இருக்கும் நாதஸ்வரக் கலைஞர்." இனி மற்றதெல்லாம் கணக்கு. பிரிக்பீல்ட்ஸ் வேண்டாம் என்று யாரும் சொல்லாமலே விலகிப்போனது. கலைஞர்கள் காத்திருக்கும் இடம் கோயிலின் பக்கவாட்டுத் தாழ்வாரம். எங்கள் வட்டாரத்திலேயே ஒரு கோயில் நிர்வாகம் கடிதம் எழுதிக் கேட்டதும் அனுமதி தந்தது. பிரிக்பீல்ட்ஸைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். 1981இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் அங்கேதான் இருக்கிறது, நடனமோ கர்நாடக இசையோ பயிலும் மாணவரைப் படமெடுக்க அந்தப் பகுதிக்குக் காரணம் உண்டு. எங்கள் படத்துக்குத்தான் காரணம் இல்லை.

இசை வகைக்கு ஏற்ப இடமும் உடையும் மாறும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2006இல் 'வல்லவன்' தொகுப்போடு வந்த யோகி பி & நட்சத்ராவை யாரும் பட்டு வேட்டியில் கற்பனை செய்ய மாட்டார்கள். பினாங்கிலிருந்து வந்து மலாய்ப் பாட்டில் நாட்டையே கட்டிப்போட்ட அலிகேட்ஸ் சகோதரர்கள் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் இருவரையும் நிழலுருவமாகக் காட்டினாலே போதும், அந்தச் சுருட்டை முடியே பெயரைச் சொல்லிவிடும். சரி, விஷயத்துக்கு வருவோம்.

நேரம். நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 3 பாகை வடக்கே இருக்கிறோம். வெளிநாட்டுப் புத்தகங்களில் 'பொன்னொளி நேரம் ஒரு மணி நேரம்' என்று போட்டிருப்பதை நம்பிப் போனால் ஏமாந்துவிடுவோம். இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக மேலே ஏறுகிறது. மணிக்கு 15 பாகை என்று கணக்கிட்டால், அடிவானத்தை ஒட்டிய அந்த மஞ்சள் வெளிச்சம் அரை மணி நேரம்கூட நிற்காது. கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் சூரிய உதயம் ஏறத்தாழ 7 மணிக்கும் 7.30க்கும் இடையில், உச்சிப்பொழுதோ 12 மணிக்கல்ல, 1 மணியை ஒட்டி. நாங்கள் 2 மணிக்கு வரச்சொன்னது எவ்வளவு பெரிய தப்பு என்று இப்போது புரிகிறதா? உச்சி வெயில் இறங்கவே ஆரம்பித்திருக்காது. அதோடு ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை இடிமழைக்கு வாய்ப்பு அதிகம். ஆகவே காலை 7.45 முதல் 9.15 வரை என்று குறித்தோம். மழை வந்தால் அடுத்த சனிக்கிழமை என்று மாற்று நாளையும் அதே கடிதத்தில் எழுதினோம். மாற்று நாள் இல்லாத திட்டத்தைத் திட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

வெளிச்சம் பற்றி ஒரு சின்ன வித்தை. அஞ்சடி, தாழ்வாரம், திண்ணை இவையெல்லாம் காசில்லாத ஸ்டூடியோ. மேலே கூரை இருப்பதால் தலைக்கு மேலிருந்து வெயில் விழாது. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு என்பதால் வெளிச்சம் பக்கவாட்டில் மென்மையாக வரும். கலைஞரைத் திறப்பிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே உட்காரவைத்து, முகத்தைத் திறப்பின் பக்கம் சற்றே திருப்பச் சொன்னால் போதும். கறுத்த மேனியில் இந்த வெளிச்சம் அழகாகப் படியும். கைப்பேசி தானாக முகத்தை 'வெளுக்க' முயன்றால் அந்த அழகுபடுத்தும் வசதியை அணைத்துவிடுங்கள். அட்டையில் கலைஞர் அவர் நிறத்திலேயே இருக்கட்டும்.

அடுத்து, எத்தனை படம், என்னென்ன படம். இருநூறு படம் எடுத்து ஒன்றும் தேறாத அனுபவம் எங்களுக்கு இருந்ததால், இந்த முறை ஏழே ஏழு படங்களைத் தாளில் கட்டம் போட்டு, குச்சி மனிதர்களாக வரைந்தார்கள் மாணவர்கள். 1969 ஆகஸ்ட் 8ஆம் தேதி லண்டனில் பீட்டில்ஸ் நால்வரும் சாலையைக் கடந்த 'அபி ரோடு' அட்டைப்படம் இப்படி ஒரு பென்சில் கோட்டோவியத்திலிருந்து பிறந்ததுதான். வரைந்தவர் பால் மெக்கார்ட்னி. போலீஸ்காரர் ஒருவர் போக்குவரத்தை நிறுத்த, புகைப்படக்காரர் இயன் மெக்மில்லன் ஏணியில் நின்று பத்து நிமிடத்தில் எடுத்தது ஆறு படங்கள். அதில் ஒன்று உலகம் முழுக்கப் போனது. தாளில் வரைந்துவிட்டதால் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது.

எங்கள் ஏழில் அட்டைக்கு ஒன்று. அது நிற்கும் வாட்டத்தில் இருக்க வேண்டும். தலைக்கு மேல் இதழின் பெயருக்கு இடம் விட வேண்டும், இல்லையென்றால் பெயர் கலைஞரின் நெற்றியில் ஏறி உட்காரும். உள்பக்கத்துக்குப் படுக்கை வாட்டத்தில் ஒன்று, அதில் இருவரும் ஒரு பக்கமாக இருந்து மறுபக்கம் வெறும் சுவராக இருக்க வேண்டும், அங்கேதான் கட்டுரை வரும். மற்றவை அண்மைப் படங்கள்: சீவாளியைப் பிடித்த விரல், அணைசு எனப்படும் அந்த விரிந்த முனை, தவில்காரர் விரல்களில் மாட்டும் கூடுகள். தவிலை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். துணியும் பசையும் சேர்த்துச் செய்த அந்தக் கூடுகளை மாட்டுவதைப் பக்கத்தில் பார்த்தவர்கள் எத்தனை பேர்? நாதஸ்வரத்தை நேராகக் கேமராவைப் பார்த்து நீட்டச் சொல்லாதீர்கள். கைப்பேசியின் அகலக் கோணத்தில் அணைசு பெரிய தட்டு போலவும் முகம் சுண்டைக்காய் போலவும் விழும். இரண்டடி பின்னால் போய், இரண்டு மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் எடுப்பது நல்லது. 'வாசிக்கிற மாதிரி' பாவனை செய்யச் சொல்வதும் வேண்டாம், மூச்சு ஏறாத கன்னம் படத்தில் காட்டிக்கொடுத்துவிடும். நிஜமாகவே வாசிக்கச் சொல்லுங்கள். ஆனால் அரை மணி நேரம் ஊதவிடக் கூடாது, அது உடல் உழைப்பு. எங்கள் திட்டத்தில் வாசிப்புக்கு ஆறு நிமிடம்தான் குறித்திருந்தோம். காலை நேரம் என்பதால் அவர் பூபாளத்தில் கொஞ்சம் வாசித்தார். படம் எடுக்க வேண்டிய பையன் எடுக்க மறந்து கேட்டுக்கொண்டு நின்றுவிட்டான். ஆறு நிமிடம் எட்டானது.

அளவைப் பற்றி ஒரு கணக்கு, மாணவர்கள் அடிக்கடி தவறுவது. ஏ4 தாள் 210 × 297 மில்லிமீட்டர். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி தேவை என்று வைத்தால், அட்டைப்படம் குறைந்தது 2480 × 3508 பிக்சல் இருக்க வேண்டும். ஓரத்தை வெட்டுவதற்காகச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதல். இன்றைய கைப்பேசி இதைத் தாராளமாகத் தரும். ஆனால் அதைப் புலனத்தில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிப்போகும், அச்சில் பார்த்தால் முகம் பாசி பிடித்த மாதிரி இருக்கும். கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள்.

இனி நாங்கள் கிட்டத்தட்டச் செய்துவிட இருந்த பெரிய பிழை. படங்கள் அருமையாக வந்துவிட்டன. பக்கம் வடிவமைத்த மாணவிக்கு, தவில்காரர் பக்கத்துக்கு வெளியே பார்ப்பது போல இருந்தது பிடிக்கவில்லை. கணினியில் ஒரு சொடுக்கு, படத்தைக் கண்ணாடிபோல் இடவலமாகத் திருப்பிவிட்டாள். பார்வைக்கு அழகுதான். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அச்சுக்கு முன் கலைஞர்களுக்குக் காட்ட வேண்டும் என்று திட்டத் தாளில் இருந்ததால் அனுப்பினோம். ஐந்து நிமிடத்தில் அழைப்பு வந்தது: "டீச்சர், குச்சி கை மாறியிருக்கு."

தவில் வாசிப்பவர் வழக்கமாக இடக்கையில் குச்சி பிடிப்பார், வலக்கை விரல்களில் கூடு மாட்டி வலந்தலையில் வாசிப்பார். திருப்பிய படத்தில் இது தலைகீழ். தெரிந்தவர் பார்த்தால் முதலில் சிரிப்பார், பிறகு இதழை மூடிவிடுவார். மிருதங்கத்திலும் இதே சிக்கல்: கறுப்புக் கரணை இருக்கும் வலந்தலை எந்தக் கைப்பக்கம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கச்சேரி மேடையில் மிருதங்கக் கலைஞர் வழக்கமாகப் பாடகரின் வலப்பக்கம் உட்கார்வதே அந்த வலந்தலை சபையை நோக்கி இருப்பதற்காகத்தான். அதற்காக இடக்கைப் பழக்கம் உள்ளவர்களே இல்லை என்றும் எழுதிவிடாதீர்கள். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர், மிருதங்க உலகின் மேதைகளில் ஒருவர். அவருடைய பழைய படத்தைப் பார்த்து 'யாரோ திருப்பிவிட்டார்கள்' என்று சரிசெய்தால் அது இன்னொரு பிழை. ஆகவே, கலைஞரிடம் 'எந்தக் கை?' என்று கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசியின் முன்கேமராவில் எடுத்தால் சில கருவிகள் தானாகவே திருப்பிச் சேமிக்கும், அதனால் பின்கேமராவையே பயன்படுத்துங்கள்.

அனுமதி, பணம் இரண்டையும் ஆசிரியர்கள் பேசத் தயங்குகிறோம். பேசித்தான் ஆக வேண்டும். பள்ளியிலிருந்து முதல்வர் கையொப்பத்தோடு கடிதம், இடத்துக்குப் பொறுப்பானவரின் சம்மதம், மாணவர் வெளியே போவதற்குப் பெற்றோர் கையெழுத்து, கலைஞரின் எழுத்துப்பூர்வமான சம்மதம். அதில் படம் எங்கெங்கே வரும் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: அச்சு இதழில் மட்டுமா, பள்ளியின் முகநூல் பக்கத்திலுமா? நிலையங்களிலும் பேரங்காடிகளிலும் முக்காலியை விரித்தாலே காவலர் வந்துவிடுவார், அங்கே தனி அனுமதி வேண்டும். தொழில்முறைப் புகைப்படக்காரரைக் கூலிக்கு அமர்த்தினால் படத்தின் உரிமை யாருக்கு என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நம் நாட்டு 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அது பணி கொடுத்தவருக்குப் போகும். பணம் என்றால், சன்மானம். "பிள்ளைங்களுக்காகத்தானே, சும்மா வருவாங்க" என்று ஒரு சக ஆசிரியர் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. சனிக்கிழமை காலை அவர்களுக்கு வேலை நாள். கழகக் கணக்கில் இருந்ததைக் கவரில் போட்டுக் கொடுத்தோம், பெரிய தொகை இல்லை. பெரியவர் வாங்க மறுத்தார், தவில்காரர் வாங்கிக்கொண்டார். இரண்டுமே சரி.

படவிளக்கத்தை மறந்துவிடாதீர்கள். 'நாதஸ்வரம் வாசிக்கும் கலைஞர்' என்று போட்டால் மறுபடியும் கல்யாண ஆல்பம்தான். இடமிருந்து வலமாக, முழுப்பெயர், ஊர், குரு பெயர். பெயரை அவர்களையே எழுதித் தரச்சொல்லுங்கள். 'ன'வா 'ண'வா என்று நாமே முடிவு செய்யக் கூடாது.

இப்போது எஸ்.பி.எம். மாணவர்களுக்கு. திட்டமிடுதலின் அவசியம் பற்றிக் கருத்து விளக்கக் கட்டுரை கேட்டால், நீங்கள் எழுதுவது எனக்குத் தெரியும். 'திட்டமிடுதல் மிக மிக அவசியமாகும்' என்று தொடங்கி, தெரிந்துசெயல்வகை அதிகாரத்திலிருந்து ஒரு குறளைப் போட்டு, 'நேரத்தை மிச்சப்படுத்தலாம்', 'பணத்தை மிச்சப்படுத்தலாம்' என்று இரண்டு கருத்தோடு முடிப்பீர்கள். பிழையில்லை, ஆனால் திருத்துகிற எனக்குப் பத்தாவது தாளிலேயே கண் சொருகும். கருத்துக்குக் கீழே ஒரு சான்று வேண்டும். 2 மணி வெயில் ஏன் ஆகாது என்பது ஒரு சான்று. குச்சி கை மாறியதை அச்சுக்கு முன்னால் பிடித்தது இன்னொன்று. உங்கள் பள்ளி விளையாட்டுப் போட்டியிலோ வீட்டுத் திருமணத்திலோ இதுபோல உங்களுக்கே ஒன்று கிடைக்கும், அதை எழுதுங்கள். ஆசிரியர்களுக்கு: இந்த ஒரு வேலைக்குள்ளேயே விண்ணப்பக் கடிதம், நேர்காணல், நிரலொழுங்கு வரைபடம், நிகழ்ச்சி அறிக்கை எல்லாம் வந்துவிடுகின்றன. வகுப்பறை மதிப்பீட்டுக்குத் தனித்தனியாகப் பயிற்சி தேட வேண்டியதில்லை.

எங்கள் மாணவர் தயாரித்த திட்டத் தாளின் காலைப்பகுதியை அவர்கள் மொழியிலேயே தருகிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"7.00 – டீச்சரும் நால்வரும் கோயிலில். செருப்பு வெளியே. தாழ்வாரத்தைக் கூட்டிவிட வேண்டும், பின்னால் தெரியும் நீலப் பிளாஸ்டிக் வாளியை எடுத்துவிட வேண்டும். 7.20 – ஐயாவும் அண்ணனும் உட்காரும் இடத்தில் இருவர் உட்கார்ந்து வெளிச்சம் பார்த்தல். 7.40 – கலைஞர்கள் வருகை. முதலில் காப்பி, இட்லி. படம் பிறகு. 8.00 – சீவாளி படங்கள். 8.20 – அட்டைப்படம். 8.35 – வாசிப்பு, 6 நிமிடம். 8.45 – இருவரையும் பேசவிட்டுப் படம் (போஸ் சொல்லக் கூடாது). 9.00 – எடுத்த படங்களைக் கலைஞர்களுக்குக் காட்டி, வேண்டாம் என்பதை உடனே அழித்தல். 9.15 – முடிவு. தாமதமானால் கடைசிப் படத்தை விட்டுவிட வேண்டும், அவர்கள் நேரத்தை எடுக்கக் கூடாது."

அட்டைக்கு வந்தது 8.20 படம் இல்லை, 8.45 படம். பெரியவர் சீவாளியைக் கையில் வைத்துக்கொண்டு எதற்கோ சிரிக்கிறார், தவில்காரர் கூடு மாட்டிய விரலால் எதையோ சுட்டிக்காட்டுகிறார். தலைக்கு மேல் இதழின் பெயருக்கு இடமும் இருந்தது. ஆளுக்கு ஐந்து பிரதி கொடுத்தோம். அடுத்த வாரம் தவில்காரர் இன்னும் மூன்று கேட்டார்.

அடுத்த இதழுக்கு உருமி மேளக் குழு ஒன்றைப் பேசிவைத்திருக்கிறோம். அந்தக் குழுவில் பாதிப்பேர் பதினெட்டு வயதுக்குக் கீழே, அதனால் இந்த முறை கேமராவைத் தொடுவதற்கு முன்னால் பெற்றோருக்கான சம்மதக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் பிள்ளைகள். மூன்றாவது வரைவில் இருக்கிறது.